மூன்றாம் மேடையில் நதி தெரிந்ததா?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் இரண்டு பேரைத் தெரியும், மூன்றாமவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பள்ளத்தாக்கைச் சொல்கிறார்கள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு தையல் கடை. என் கோட்டின் கை நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தையல்காரி வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். ஊசி கவ்விய வாய் வம்பு பேசாது என்று நினைத்திருந்தேன். தப்புக்கணக்கு.

"அக்கா, நீங்க கதை எழுதறவங்கதானே?"

"ஆமா."

"ஒரு கதை இருக்கு. ரெண்டு பேர் படிக்கணும். எழுதித் தருவீங்களா? மாசக் கடைசிக்குள்ள வேணும்."

கோட்டுக்கு நான் அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். இப்போது கதைக்கு அவள் என்னை அவசரப்படுத்தினாள். சரி, தொழில் என்றால் இரண்டு பக்கமும் இருக்கத்தானே செய்யும்.

அந்த இரண்டு பேர் அவளுடைய அண்ணனும் அண்ணியும். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அண்ணன் வேலையிடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை பார்த்துவிட்டார். முப்பதாம் தேதி போகிறார். குடி இல்லை, அடி இல்லை, வேறு யாரும் இல்லை. (பிள்ளையும் இல்லை. அதுதான் காரணமாக இருக்கும் என்று தலையாட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இல்லை. நானும் அங்கேதான் முதலில் தோண்டிப் பார்த்தேன்.)

"அப்ப என்னதான் பிரச்சினை?" என்று கேட்டேன்.

தையல்காரி ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டுப் பஞ்சில் குத்தினாள். "ஒரு நதி" என்றாள்.

2

எப்படி ஆரம்பிப்பது?

முதல் முயற்சி: 'கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரு நதி கல்லை அறுத்து அறுத்து, பூமியின் வயிற்றைத் திறந்து—'

வேண்டாம். பூமிக்கு வயிறு வைத்தால் அடுத்த வரியில் தலைவலியும் வைக்க வேண்டி வரும்.

இரண்டாம் முயற்சி: 'காதல் என்பது இருவர் ஒரே திசையில்—'

இதை எழுதிய கையை மேசையில் தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது: 'ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, ஒரு சுற்றுலாப் பஸ்.' இது பரவாயில்லை. இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை.

அந்தப் பஸ் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள மூன்று மேடைகளிலும் நிற்கும். மேடை என்றால், வேலி போட்டு, நின்று பார்ப்பதற்காகக் கட்டிய தளம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நிமிடம். முதல் மேடையில் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் பசித்தது. மூன்றாவதில் அண்ணன் கை நீட்டினார்.

"அதோ பாரு, நதி."

அண்ணி பார்த்தாள். "எங்க?"

"அதோ, என் விரல் நுனிக்கு நேரா. அடியில. மெல்லிசா."

"தெரியலையே."

"சரியாப் பாரு."

"சரியாத்தான் பாக்கறேன். தெரியல."

அண்ணன் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவரிடம், "இவளுக்கு நதியைப் பிடிச்சுக் கையில குடுக்கணும் போலிருக்கு" என்றார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

இவ்வளவுதானா என்று கேட்கிறீர்கள். நானும் அதையே கேட்டேன்.

"இவ்வளவுதான்க்கா" என்றாள் தையல்காரி. "இதைவிடப் பெருசா இருந்திருந்தா எப்பவோ பேசித் தீர்த்திருப்பாங்க."

3

அண்ணன் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அண்ணி மீது அதைவிட அதிகம்.

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எழும்பும் இடத்தில், பதினெட்டு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு வெறும் மஞ்சள் தொப்பிகள். அண்ணிக்குச் செருப்புக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயந்திரம் வரை முழங்காலிட்டு, யார் யார் காலுக்கோ ஷூ மாட்டிவிட்டு, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்க்கிறவள். அண்ணன் எழுபத்திரண்டு அங்குலம், அண்ணி ஐம்பத்தொன்பது. அளவு அட்டைகள் தையல்காரியின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

இதை நானாக ஜோடித்திருந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இங்கே நிஜம் அளவுக்கு மீறிப் பொருந்தித் தொலைக்கிறது. நம்பும்படியாக இருக்கட்டுமே என்று அண்ணியை ஒரு தபால் நிலையத்தில் உட்கார வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பச் செருப்புக் கடைக்கே அனுப்பிவிட்டேன்.

பஸ் ஊர் திரும்பிய பிறகு அந்த நதி சொந்தபந்தமெல்லாம் சுற்றியது. யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணன் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணி "அங்க நதியே தெரியலங்க" என்பாள், மறுபடி சிரிப்பார்கள். நதிக் கட்சி, நதியில்லாக் கட்சி என்று உறவுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து விளையாடினார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் நின்றார்கள். அதுவரை அது வேடிக்கைதான்.

பிறகு படுக்கையறைச் சுவரின் அடியில் ஈரம் கசிகிறது என்றாள் அண்ணி. இல்லை, காய்ந்துதான் இருக்கிறது என்றார் அண்ணன். "உனக்கு நதியே தெரியல. ஈரம் மட்டும் தெரியுதாக்கும்" என்றார். நல்ல நகைச்சுவை, ஒத்துக்கொள்கிறேன். தையல்காரியின் கடை அந்த வீட்டின் முன்னறைதான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த அவள் காதில் அது விழுந்தது, அண்ணி பதில் சொல்லாததும் விழுந்தது. மழைக்காலத்தில் அலமாரியின் அடிப்பலகை உளுத்துப் போனது.

[சுவர் ஈரத்தை நான் சேர்த்தேனோ என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் சேர்த்தது அலமாரியை மட்டும்தான்.]

அண்ணி மெல்ல மெல்ல 'இல்லை' சொல்வதை நிறுத்தினாள். எதைக் கேட்டாலும் "ஆமாங்க." மழை வருமா? ஆமாங்க. வராதா? ஆமாங்க. இரண்டு வருடமாக இப்படி. சுவரோடு குடித்தனம் நடத்துவதுபோல இருக்கிறது என்று அண்ணன் தங்கையிடம் சொன்னார். அப்புறம்தான் அறை பார்த்தார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணன்தான் தையல்காரியை வளர்த்தவர். அண்ணிதான், "முன்னறை சும்மாதானே கிடக்கு, ஒரு மெஷின் போடு" என்று சொல்லி அவளுக்குத் தொழில் அமைத்துக் கொடுத்தவள். இருவரில் ஒருவர் போய்விட்டால் தன்னால் அந்த முன்னறையில் உட்கார்ந்து மெஷின் மிதிக்க முடியாது என்று அவளுக்குப் பயம். அதனால் ஒரு புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு, யாரிடம் உண்மை இருக்கிறது என்று பார்த்துவரப் பள்ளத்தாக்குக்குப் பஸ் ஏறினாள்.

4

இந்தப் பகுதியை நான் மெதுவாக எழுத விரும்புகிறேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள், நமக்கு ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

முதல் மேடைக்கு அவள் போனபோது காலை ஏழு மணி. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. முழுக்கத் தெரிந்ததால் நம்ப முடியவில்லை. பெரிய படத்துக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் ஒரு குடும்பத்துக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்க்காமலே போனார்கள்.

இரண்டாம் மேடைக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். அங்கிருந்து அடி தெரியாது, எதிர்ச்சுவர்தான் தெரியும். சிவப்பு, சாம்பல், மஞ்சள், மறுபடி சிவப்பு. கடையில் மடித்து அடுக்கிய துணிகள் மாதிரி. எந்த மடிப்பை இழுத்தாலும் மொத்தமும் சரிந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு நடுவயது ஆளும் அவருடைய அம்மாவும் தூரத்தில் எதையோ பார்த்து வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அது மரம்மா. அசையவே இல்ல பாரு."

"ஆளுதான்டா. நீகூடத்தான் ஞாயித்துக்கிழமை அசைய மாட்டே."

தையல்காரியும் பார்த்தாள். மரமாகவும் இருந்தது, ஆளாகவும் இருந்தது. காற்று ஒருபக்கமாக வீசிக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஏனோ தூக்கம் வந்தது.

மூன்றாம் மேடைக்கு அவள் வந்து சேர்வதற்குள் முந்தைய இரவின் மழை ஆவியாகிக் கீழிருந்து எழத் தொடங்கிவிட்டது. மூடுபனி முதலில் இடுக்குகளை நிரப்பியது. பிறகு பாறைகளின் தோள்கள் மறைந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் விளிம்புவரை வந்து நின்றது. பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சமவெளி. ஏமாற்றத்தில் கோபப்பட வேண்டிய ஜனங்கள் கோபப்படவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "இப்படியே நடந்து அந்தப் பக்கம் போயிரலாம் போல" என்று ஒரு பெண் யாரிடமும் இல்லாமல் சொன்னாள். ஒருவரும் அதை மறுக்கவில்லை.

தையல்காரி தரையில் உட்கார்ந்தாள். இங்கே பள்ளமே இருந்ததில்லை என்று தோன்றியது. ஒன்பது வருடமாக அண்ணனும் அண்ணியும் இல்லாத ஒன்றைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சண்டை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அதைச் சொன்னால் இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "அப்படியா, நல்ல வேளை" என்று சொல்லி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த நினைப்பிலேயே அவளுக்குக் கண் சொருகியது.

(எனக்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஒருமுறை கனவில் வந்தது. கனவில் அது என் சமையலறை அளவுதான் இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் போகப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.)

5

விழித்தபோது கழுத்தில் ஏதோ உறுத்தியது. அளவு டேப். தையல்காரர்களுக்குத் தாங்கள் அதை மாட்டியிருப்பதே தெரியாது. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் டேப்போடு போய் நிற்பவர்கள் உண்டு. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அவள் எழுந்துபோய் வேலியை அளந்தாள். மேல் குழாய் தரையிலிருந்து நாற்பத்தொன்பது அங்குலம், மணிக்கட்டு அளவு கனம்.

மேடைக் காவலர் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, வேலிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் பனி நடுவில் விலகியது. கீழே, அவ்வளவு பெரிய கல்லையெல்லாம் அறுத்துப்போட்டது தானில்லை என்பதுபோல, ஒரு நூல் அளவுக்கு நதி தெரிந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு முழங்காலை மடித்தாள். அண்ணியின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அவளுக்கு அட்டையைப் பார்க்காமலே தெரியும். குனிந்தாள், குழாய் வந்து நதியை மறைத்தது. நிமிர்ந்தாள், நதி. குனிந்தாள், இல்லை. ஒரு கல்லின் மேல் ஏறி அண்ணன் உயரத்துக்குப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. இருவரும் சொன்னது நிஜம். பதின்மூன்று அங்குலம், அவ்வளவுதான் வித்தியாசம். தையல்காரி அழுதுவிட்டாள்.

என் முதல் படியில் கதை இங்கே முடிந்தது. எவ்வளவு கச்சிதம். எழுதி முடித்துவிட்டு, என்னை நானே பாராட்டிக்கொண்டு, மாலையில் கொஞ்சம் உலாத்திவிட்டும் வந்தேன். ஆனால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். காவலரை மூன்று நாள் கதையிலிருந்து வேலைநீக்கம் செய்திருந்தேன். இப்போது திரும்பக் கூப்பிடுகிறேன்.

காவலர் எல்லாவற்றையும் கேட்டார். தானும் ஒருமுறை குனிந்து பார்த்தார். "அட ஆமாம்மா, மறையுது. பதினோரு வருஷமா இங்க நிக்கறேன், இன்னிக்குத்தான் குனியறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா இந்த வேலி புதுசும்மா. போட்டு ஆறு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி மரவேலி."

"அது எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

"இடுப்பு வரைக்கும். இல்ல, நெஞ்சு வரைக்குமா..." தன் உடம்பிலேயே கையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "ஞாபகம் வரலம்மா."

அவ்வளவு தூரம் போய், அளந்து, அழுது, கடைசியில் கையில் ஒன்றும் இல்லை.

6

மறுநாள் அண்ணன் புதுப் பேண்டின் கீழ்மடிப்புக்காக முன்னறையில் ஒரு முக்காலி மேல் நின்றார். தனியாகப் போகிறவருக்கு இரண்டு பேண்ட். தையல்காரி காலடியில் உட்கார்ந்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வந்தியே குட்டி, நதி இருந்துச்சா?"

வாயில் ஊசி. பதில் சொல்லாமலிருக்கத் தொழில் கொடுத்த சலுகை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். பண்ணின கல்யாணத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதா? காவலர் சொன்னதை விழுங்கிவிட்டு, 'அளந்து பாத்தேன், அண்ணி உயரத்துக்குத் தெரியவே தெரியாது' என்றால் முடிந்தது. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் தொழில் அது.

அவள் ஊசிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள், வேலி புதுசு என்பதையும்.

அண்ணன் சிரித்தார். "அப்ப கேஸ் தள்ளுபடி."

"தெரியலன்னு அண்ணி சொன்னப்ப நீ என்ன பண்ணினே?"

"காட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடியும் காட்டினேன்."

"அவங்க நின்ன எடத்துலேர்ந்து பாத்தியா?"

அண்ணன் நிஜமாகவே புரியாமல் குனிந்து தங்கையைப் பார்த்தார். "அவ என் பக்கத்துலதானே நின்னா. ரெண்டும் ஒரே எடம்தானே."

தையல்காரிக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். மீதி மடிப்பையும் ஊசி குத்தி முடித்தாள். இறங்கும்போது அண்ணன் தானாகவே சொன்னார்: "முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் இல்லம்பா. எரிச்சலா வரும். இப்ப சொல்றதே இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல, குட்டி."

7

அன்று சாயந்திரம் அண்ணி கட்டிலில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழங்காலைத் தான் எடுத்துக்கொண்டாள். தேய்த்துக்கொண்டே பனியைச் சொன்னாள், டேப்பைச் சொன்னாள், காவலரைச் சொன்னாள். நாற்பத்தொன்பது அங்குலத்தைச் சொன்னபோது அண்ணியின் கை நின்றது.

"நீ எதுக்கும்மா அவ்வளவு தூரம் போனே?"

"நீங்க சொன்னது பொய்யில்லன்னு அண்ணனுக்குக் காட்டத்தான்."

அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு நதி தெரிஞ்சுதும்மா" என்றாள்.

தையல்காரி எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தாள்.

"மேடையில தெரியல. அது சத்தியம். பஸ்ஸுல ஏறறப்ப படிக்கட்டுல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் அண்ணி சொல்லல?"

"உங்கண்ணன் அதுக்குள்ள முன்சீட்டுக்காரர்கிட்ட என்னைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நான் சொன்னா, பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல அப்படிம்பாரு. அந்த ஒரு தடவை அவரு ஜெயிக்க வேணாம்னு தோணிச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் எல்லார் வீட்டுலயும் அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிச்சாரா, நானும் தெரியல தெரியலன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"அழகா இருந்துச்சு" என்றாள் அண்ணி. "அவருகிட்டக் காட்டணும் போல இருந்துச்சு."

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அவருகிட்டச் சொல்லிராதே" என்றாள்.

தையல்காரி சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

8

யாரிடமும் சொல்லாதே என்றால், கதை எழுதுகிறவளிடம் வந்து சொல்வதா? கேட்டேன். "உங்ககிட்டச் சொன்னா சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும்னு நினைச்சேங்க்கா" என்றாள். இலக்கியத்தைப் பற்றி இவ்வளவு தெளிவான கருத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

இப்போது முடிவுகள். மூன்று எழுதிவைத்தேன்.

(அ) முப்பதாம் தேதி வண்டி வருகிறது. அண்ணன் போகிறார். அண்ணி "ஆமாங்க" என்கிறாள். இது நடக்கக்கூடியதுதான். எழுதி முடித்ததும் எனக்கு அரைநாள் வேலை ஓடவில்லை.

(ஆ) இருவரும் மறுபடி மூன்றாம் மேடைக்குப் போகிறார்கள். அவர் முழங்காலை மடிக்கிறார், அவள் கல்லின் மேல் ஏறுகிறாள், இருவரும் ஒரே நேரத்தில்— சர்க்கரை அதிகம். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

(இ) போகிறார்கள், அன்றைக்கு மூடுபனி. ஒன்றுமே தெரியவில்லை. "உங்களுக்கு ஏதாவது தெரியுதா?" "இல்லையே. உனக்கு?" "இல்லை." பதினான்கு வருடத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே பதில். சிரிக்கிறார்கள். வெள்ளைக்குள் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், வேலி எங்கே முடிகிறது என்று நான் எழுதவில்லை.

(இ) எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. கைப்பிரதியைத் தையல்காரியிடம் கொடுத்தேன். அவள் மெஷின் மேல் வைத்து, விரலால் தடவி வரி வரியாகப் படித்தாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா இதுல ஒண்ணைக்கூட அவங்க பண்ணலையே."

"பண்ணுவாங்கன்னுதானே எழுதறது?"

"அந்தப் படிக்கட்டு விஷயம்? அண்ணன் படிச்சா?"

அந்த இடத்தை எடுத்தால் கதை செத்துப்போகும். வைத்தால் ஒருத்தி நம்பிச் சொன்ன வார்த்தையை நான் அச்சில் போட்டு விற்கிறேன். நான் பெரிய யோக்கியை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எடுக்காமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். தையல்காரிக்கு மனம் கேட்கவில்லை. பிரதியை அண்ணியிடமே கொடுத்துவிட்டாள்.

9

அடுத்த முறை கடைக்குப் போனபோது அண்ணி எனக்காக உட்கார்ந்திருந்தாள். நான் கற்பனை செய்ததைவிடச் சிறிய உருவம், கற்பனை செய்ததைவிடப் பெரிய குரல். தையல்காரி மெஷினுக்குப் பின்னால் தலை குனிந்திருந்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கறதையெல்லாமா எழுதுவீங்க?" என்றாள் அண்ணி.

"எடுத்துடறேங்க."

"பரவால்ல, இருக்கட்டும். அந்தத் தபால் நிலையம் என்ன? நான் அங்க எப்பப் போனேன்?"

விளக்கினேன். அவளுக்குத் திருப்தியில்லை. பிரதியைப் புரட்டி ஏழாம் பகுதியில் நிறுத்தி, அந்தப் பக்கத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

"பஸ் படிக்கட்டு வர்ற எடத்தை எடுத்துடவா?" என்று நானே கேட்டேன்.

"அவரு படிப்பாரா?"

"படிக்கற மாதிரி நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள் தையல்காரி.

அண்ணி யோசித்தாள். வெளியே யாரோ கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஒன்பது வருஷமா வாயில வரல. அச்சுலயாவது வரட்டும். இருக்கட்டும்." பிறகு கடைசிப் பக்கங்களைத் தனியாகப் பிரித்து எடுத்தாள். "ஆனா இந்த முடிவு மூணும் வேணாங்க."

"மூணாவதுகூடவா?"

"மூணாவது நல்லாருக்கு. அதனாலதான் வேணாம். நீங்க ஒண்ணு எழுதிட்டா, அவரு வந்து நிக்கறப்ப நான் அதைத்தான் எதிர்பாப்பேன். அவரு என்ன சொல்லுவாரு, வருவாரா, மாட்டாரா, எனக்கே தெரியாது. அதைத் தாள்ல படிச்சு நான் தெரிஞ்சுக்க வேணாம். முதல்ல எனக்குத்தான் தெரியணும். நீங்களெல்லாம் அப்புறம்."

அவர் போகக்கூடாது என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. நான் சரி என்றேன். முடிவுகளை எடுக்க முடியவில்லை, எழுதியது எழுதியதுதான், எட்டாம் பகுதியிலேயே கிடக்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் முடிவல்ல என்று இங்கே சத்தியம் செய்கிறேன்.

10

இந்த இதழ் இருபத்தாறாம் தேதி கடைக்கு வரும். கிரேன்காரர் மதியச் சாப்பாட்டைக் கூண்டிலேயே முடித்துக்கொள்வார் என்றும், சாப்பிடும்போது கையில் எது கிடைத்தாலும் படிப்பார் என்றும் தங்கை சொன்னாள். அவருடைய சாப்பாட்டுப் பையில் அவள் இதை வைத்துவிடுவாள்.

ஆகவே மற்ற வாசகர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தாளை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வருத்தப்படாதீர்கள், எனக்கும் உங்களோடு சேர்ந்துதான் வெளியே போகச் சொல்லி உத்தரவு.

கிரேன்காரரே, உங்களை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே கொஞ்சம் கேலியும் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் பகுதியை வேண்டுமானால் இன்னொரு முறை படியுங்கள். அவள் உங்களிடம் காட்ட நினைத்த இடம் அதில் இருக்கிறது. இதற்கு மேல் என்னிடம் ஒரு வரியும் கிடையாது. என்ன சொல்வது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும், யோசித்து முடிக்காமலே வந்தாலும் தப்பில்லை. பதினெட்டு மாடி இறங்கிவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. செருப்புக் கடையை எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.